ஈர மூலை

வீட்டை விற்றவன் சொல்லவே இல்லை,
வடகிழக்கு மூலையில்
தண்ணீர் குடியிருக்கிறது என்று.
ஜூன் மாதக் குளிரில்
புல்வெட்டும் இயந்திரம் அச்சு வரை இறங்கி
அணைந்து நின்றபோது தெரிந்தது.

மெர்வின் விடுகிற ஆளில்லை.
ஒரு வருஷம் குழாய் புதைத்தான்.
ஒரு வருஷம் லாரி நிறையக் கல்.
பிறகு புல்விதை, மூட்டை மூட்டையாய்.
எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது தண்ணீர்
ரசீது தராமல்.

அவனுக்கு டனீடினில் வேலை கிடைத்தது.
வெள்ளி இரவு வருவான், ஞாயிறு போவான்.
ஒரு செவ்வாய்க்கிழமை,
ரயில்பாதை வாய்க்கால் தூர்வாரும் டாமட்டி
மீன் பெட்டியில் நாற்பது கோரைக் கன்றுகளோடு
வாசலில் நின்றான்.
"எறியச் சொல்லிவிட்டார்கள், ஷோனா.
உன் சேற்றில் வை."
புக்கியோ என்று பேர் சொன்னான்.
தண்டை விரலிடையில் உருட்டினேன்.
உருளவில்லை.
மூன்று பட்டை.
புல் இல்லை இது என்று
விரலே சொல்லிவிட்டது.

நட்டேன். முழங்கால் வரை கறுப்பு.
மறுநாள் காலை நாற்பதும் வெளியே
வேர் வானம் பார்க்க வரிசையாய்,
யாரோ எண்ணிச் சரிபார்த்ததுபோல.
சிவந்த நெற்றியோடு நீலத் தாழைக்கோழி ஒன்று
வேலியோரம் நடந்துகொண்டிருந்தது
அவசரமே இல்லாமல்.

மறுபடி நட்டேன். மறுபடி பிடுங்கியது.
பதினொரு காலை.
தின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன்;
குருத்தைக் கடித்துப் பார்த்து
துப்பியிருந்தது.
போனில் சொன்னேன், மெர்வின் சிரித்தான்.
சிரித்தவனுடைய கற்கள்
ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன.
கன்றுக்கு இரண்டாய்க் கழுத்தோரம் அழுத்தி வைத்தேன்.
அவன் போட்ட பணம்
முதன்முறையாக மூழ்காமல் நின்றது.

பதினேழு பிழைத்தன.
உறைபனியில் நுனி பழுத்து
இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லாமல்
ஒரு முழுக் குளிர்காலம்.
வெட்டாதே என்றான் டாமட்டி.
வெட்டவில்லை.
பொறுமை என்று நினைத்துக்கொண்டான்,
கத்தரிக்கோல் கிடைக்கவில்லை எனக்கு.

மூன்றாம் வருஷம்
தன் பழைய வேர்களின் மேலேயே ஏறி நின்று
இடுப்பு உயரம், தலைவிரி கோலம்.
இலையை விலக்கினால் கையைக் கீறும்.
பெருமழை நாளிலும் அந்த மூலை
சத்தம் போடாமல் குடிக்கிறது.

போன சனிக்கிழமை மெர்வின்
மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே கால் வைத்துக்
குனிந்தவன் நிமிரவே இல்லை.
போய்ப் பார்த்தேன்.
மடிந்த கோரைக்குள் ஐந்து முட்டைகள்,
பழுப்புப் புள்ளியோடு.
தள்ளி நின்று வெள்ளை வாலடியை
வெட்டி வெட்டிக் காட்டியபடி
எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள் அவள்,
ஏதோ நாங்கள்
பிடுங்க வந்தவர்கள் போல.