கைதட்டல்

ஓயாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய்.
ஆகஸ்டில் வேண்டாம், ஸ்டெலியானோஸ்.
சூரியன் மறைய மூன்று மணி நேரம் முன்பே
இடம் பிடித்துவிடுகிறார்கள்.
என் கூரையிலும் இருவர்.
காயப்போட்ட போர்வையை எடுக்கச் சொன்னார்கள்,
படத்தில் விழுகிறதாம்.

அப்படியொரு மாலையில்தான் அப்பாவைத் தூக்கினோம்.
தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடை.
சந்து முழுக்க முதுகுகள்.
மன்னிக்கவும் மன்னிக்கவும் என்றபடி
பெட்டியை ஒருக்களித்து நுழைந்தோம்.
செல்ஃபி கம்பு ஒன்று மலர்வளையத்தில் சிக்கியது,
நானே எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பத்தில்
சூரியன் கடலுக்குள் இறங்க
ஊரே கைதட்டியது.

குழாய் ரிப்பேர்க்காரர் அவர்.
நாற்பது வருடம்
ஓட்டல் கக்கூஸ்களில் அடைப்பு எடுத்தவர்.
ஒரு நொடி
அவருக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் வா.
மேகமூட்டமாக இருக்கும்.