எட்டே முக்கால்

குளோஸ்டர் துறைமுகத்துக்கு மேலே
மீன் வாசம் ஏறிவரும் தெருவில் இருக்கிறது வீடு.
கட்டி எழுபது வருடம் ஒரே வீடாக இருந்தது.
பிறகு கப்பல்காரனின் பேரன்கள் இருவரும்
பங்காளிச் சண்டையில்
நட்டநடுவே சுவர் வைத்துக்கொண்டார்கள்.
மாடிப்படியைக்கூட விடவில்லை.
எங்கள் பக்கம் ஏறுபவர்
ஒருக்களித்துத்தான் ஏறவேண்டும்.
செல்லோ வந்தால்
செல்லோவுக்குத்தான் முதல் வழி.

மாதம் ஒரு ஞாயிறு. முப்பத்தெட்டு நாற்காலி,
அதில் ஆறு லூத்தரன் சபையிடம் இரவல்.
மைக் கிடையாது.
காசு போட ஒரு சூப் பானை.
சில்லறை விழுந்தால் கணீரென்று காட்டிக்கொடுக்கும்,
அதனால் எல்லோரும் நோட்டாகவே போடுகிறார்கள்.
நாற்காலி போடுவது நான்.
பாட வராது. பான்ஜோ வேறு, மாண்டலின் வேறு என்று
தெரிந்ததே போன வருடம்தான்.

இன்னொரு வேலையும் உண்டு எனக்கு:
எட்டே முக்காலுக்குக் கை தூக்குவது.

சுவருக்கு அந்தப் பக்கம்
ஒடெட் ஃப்ரீயாஸ் தூங்கவேண்டும்.
இரண்டரைக்கு எழுந்து
ரொட்டிக்கடை அடுப்பைப் பற்றவைப்பவள்.
அவள் கட்டிலின் தலைமாடும்
எங்கள் பாடகர்களின் முதுகும்
ஒரே சுவரில் சாய்ந்திருக்கின்றன.
நடுவே மரப்பட்டி, சுண்ணாம்பு,
சுண்ணாம்பில் குழைத்த குதிரைமயிர், அவ்வளவுதான்.
மூன்று வருடம் முன்னால் மார்னி
கேக் எடுத்துக்கொண்டு போய்ப் பேசினாள்
(ரொட்டிக்கடைக்காரிக்குக் கேக்! மார்னி அப்படித்தான்).
எட்டே முக்கால். அதற்குமேல் கைதட்டல்கூடக் கூடாது.
வந்து கேளுங்களேன் என்றதற்கு
கதவு சாத்தப்பட்டது.

பிப்ரவரியில் எமில் தெரியோ வந்தார்.
கனடா எல்லையோரம் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுபவர்.
பிடிலை ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்தார்.
ரேடியேட்டர் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.
திரும்பி அதை ஒருமுறை பார்த்துவிட்டு
அதன் வேகத்துக்கே காலைத் தட்டினார்.
கடைசிப் பாட்டுக்குப் பிடிலைக் கீழே வைத்தார்.
வெறும் குரல்.
பதினாலு சரணம், மன்னிக்கவேண்டும், என்றார்.
ஒன்பது பேர் போன படகு. நாலு நாள் மூடுபனி.
தண்ணீர்ப் பீப்பாயில் விரிசல்.
சமையற்காரப் பையன் பாய்மரத்தில் ஏறி
எதையோ பார்த்துவிட்டுக் கத்துகிறான்

நான் கை தூக்கினேன்.

பதினொன்றாம் சரணம் அது.
எமில் வாயை மூடினார்.
பீப்பாயில் ஓட்டை போட்டதே நான்தான் என்பதுபோல்
முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள்.
பிறகு கோட்டுகளின் சரசரப்பு,
பூட்ஸ், படியில் ஒருக்களிப்பு.
காலையில் லாரி எடுக்கவேண்டும் என்று
எமில் இரவோடிரவாக வடக்கே போய்விட்டார்.

மறுநாள் ஆறரைக்கு ரொட்டிக்கடையில்
எனக்கு முன்னால் நாலு மீனவர்கள்.
என் முறை வந்ததும் ஒடெட்
ரொட்டியைப் பையில் போட்டாள்,
பையைத் தரவில்லை.

"பையன் என்ன பார்த்தான்?"

தெரியாது என்றேன்.

"ராத்திரி முழுக்க அவனை மேலேயே
நிற்கவைத்துவிட்டாய், அந்தக் குளிரில்."

எமிலுக்குப் போன் போட்டேன்.
லாரி இரைச்சலுக்கு நடுவே சொன்னார்:
சில ஊரில் கரையைப் பார்ப்பான்,
சில ஊரில் வேறொன்றை,
கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாடுவேன்.
அப்படியே போய்ச் சொன்னேன்.
அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.
"என் முகத்தை அவர் பார்க்கவே இல்லையே."

இப்போது வாசல் அட்டையில்
எட்டு ஐம்பத்தைந்து என்றிருக்கிறது.
பத்து நிமிடம், அவளாகக் கொடுத்தது.
ஏப்ரலில் எமில் மறுபடி வந்தபோது
முப்பத்தொன்பதாவதாக ஒரு நாற்காலி போட்டேன்.
காலியாகவே இருந்தது.
கடைசிப் பாட்டுக்கு அவர்
தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்,
எங்களுக்கு முதுகு, சுவருக்கு முகம்.
மூடுபனி. பீப்பாய். பாய்மரம்.
பையன் கத்துகிறான்.
எமில் நிறுத்தினார். நான் கை தூக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.
அதைக் கேட்டபிறகுதான்
பன்னிரண்டாம் சரணத்தை எடுத்தார்.