வெற்று எடை

மக்காச்சோள லாரிக்கு எடைமேடையில் இரண்டு எண்.
வரும்போது ஒன்று, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒன்று.
இரண்டாவதில் லாரி இருக்கும், மிச்ச டீசல் இருக்கும்,
இறங்கச் சோம்பல்படும் லாம்பர்ட் கோவாரிக்கும் இருப்பார்.
முப்பத்தொன்பது அறுவடை அந்தச் சீட்டுகளை அடித்துக் கொடுத்தவள் நான்.
எங்கள் தராசு இருபது பவுண்டுக்குக் கீழே கணக்குப் பார்க்காது.
ஆல்பினா இறந்த வருஷம் அது ஒரு படி இறங்கியது.
"டயர் மாற்றினீர்களா?"
"இல்லை. சமையல் மாறிவிட்டது."

பதினெட்டு வயதில் கடற்படை.
அதற்குமுன் நெப்ராஸ்காவில் அவர் கண்ட பெரிய நீர்
மாடுகள் கலக்கிய குட்டை.
நாசகாரிக் கப்பலில் கொதிகலன் அறைக்கு அனுப்பினார்கள்.
பசிபிக் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும்
"சூடாக இருக்கும்" என்பார்.
இரண்டு வருஷம் கடலில் கிடந்தவர்
கடலைப் பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம் தேறாது.
திரும்பி வந்து உழுத மண்ணைத்தான்
எழுபது வருஷம் கண் நிறையப் பார்த்தார்,
அப்படியும் நம்பாமல் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து.

எண்பத்தைந்தில் வங்கிகள் எங்கள் பக்கம் பசியோடு வந்தன.
ஆற்றோர அறுபது ஏக்கர் கைமாறிய அன்று
காலி லாரியை மேடைமேல் நிறுத்தியவர் எடுக்கவில்லை.
பின்னால் ஆறு லாரி. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.
என்னைப் பார்க்காமல், கண்ணாடியிடம் சொன்னார்:

"பக்கத்துக் கப்பல்மேல் விமானம் விழுந்தது.
கீழே எங்களுக்கு அது ஒரு சுத்தியல் அடி, அவ்வளவுதான்.
மேலே என்னவென்று யாரும் சொல்லவில்லை.
நீராவி குறையாமல் பார்த்துக்கொள் என்று மட்டும்
குழாய் வழியாக ஒரு குரல்.
பார்த்துக்கொண்டேன்."

பிறகு கியர் போட்டார்.
போரைப்பற்றி அவர் பேசியது அவ்வளவே.
அதிலும் பாதி போரைப்பற்றி இல்லை என்று
எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

விதைக் கம்பெனி தரும் நோட்டில் மழை எழுதி வந்திருக்கிறார்.
மாதா கோயில் கூடத்தில், கசகசா வைத்த கொலாச்சித் தட்டுகளுக்கு நடுவே
மகள் அடுக்கி வைத்திருந்தாள், ஐம்பதுக்கு மேல்.
ஒன்றைப் பிரித்தேன்.
0540. மழை முக்கால் அங்குலம். மேற்குக் காற்று.
1915. ஆலங்கட்டி. தெற்கு வயல் போனது.
இன்னொன்றில்:
0315. ஆல்பினா. காற்று இல்லை.

தொண்ணூற்றேழு வயதுக்காரர் அக்டோபரில் செத்தால்
துக்கத்துக்கு வருகிறவர்கள் காதுமடலில் சோளத்தூசியோடு வருவார்கள்.
ஒமாஹாவிலிருந்து கடற்படை இரண்டு பிள்ளைகளை அனுப்பியது.
கொடியை முக்கோணமாக மடிக்க ஒரு பெண்,
எக்காளம் பிடிக்க ஒரு பையன்.
எக்காளத்துக்குள் ஒலிப்பெட்டி. அவன் ஊதுவதுபோல் நின்றால் போதும்.
நாலாவது சுரத்தில் பேட்டரி தீர்ந்தது.
உதட்டிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
பாவம், கன்னத்தை உப்பியபடியே நின்றான்.

அப்போதுதான் கேட்டது:
சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் களஞ்சியத்தின் உலர்த்தி,
இரவும் பகலும் ஓடும் பெரிய நெருப்பு,
தரைக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் இரைச்சல்.
நிறுத்தச் சொல்லட்டுமா என்று மேலாளர் என் பக்கம் சாய்ந்தார்.
வேண்டாம் என்றேன்.
குறையக் கூடாது.

மறுநாள் அதே லாரியைப் பேரன் ட்ரெவர் ஓட்டி வந்தான்.
கடைசி இரண்டு அறுவடையும் அவன்தான் ஓட்டினான்,
பக்கத்து இருக்கையில் தாத்தா தூங்குவார்.
கொட்டிவிட்டுத் திரும்பி மேடையில் நின்றான்.
எண் ஓடி ஓடி நின்றது:
போன வருஷத்தைவிட நூற்றிருபது பவுண்டு குறைவு.
இருபது இருபதாகத்தான் சொல்லத் தெரியும் அதற்கு.
அச்சடித்தேன். நீட்டினேன்.
அவன் படித்தான். திரும்பவும் படித்தான்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அடுத்த லாரி ஏறியது.
ஈரப்பதம் பதினேழு.