கடைசி நாற்பது வரி

"கடைசி நாற்பது வரி போதும், லோஷினி.
எட்டு மணிக்கு ஆய்வுக்கு ஆள் வருது" என்றார் தனபாலன் சார்,
கட்டிக் கொண்டுவந்த கோப்பி ஓ பொட்டலத்தை
என் மேசை ஆணியில் மாட்டியபடி.

கறுப்புத் திரை. கர்சர் சிமிட்டுகிறது.
இந்தச் செம்பனை ஆலையில்
கேட்டதை அப்படியே சொல்வது
அது ஒன்றுதான்.

நாற்பது வரியில் இருப்பது எனக்குத் தெரியும்.
02:11 மூன்றாம் ஸ்டெரிலைசர். கதவு திறப்பு. கைமுறை.
02:11 அழுத்தமானி: பூஜ்யம்.
02:12 அவசர நிறுத்தம்.
அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
சர்வர் தன்னைத்தானே சோதித்து
சரி என்கிறது.
சரி. சரி. முப்பத்தேழு சரி.

கைமுறை என்றால் ஷஃபிகுலின் கை.
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில்
தோள்வரை துணி சுற்றியிருக்கிறார்களாம்.
பூஜ்யத்தை நம்பித்தான் திறந்தான்.
உள்ளே ஆவி அப்படியே இருந்தது.

எண்ணித்தான் சொல்லியிருக்கிறார் நாற்பது என்று.
நாற்பத்தொன்றாவது வரி நான் போட்டது.
01:40 அழுத்தமானி மாற்றம்: ஒத்திவைப்பு.
காரணம்: குலை வரத்து அதிகம்.
பதிவு: லோஷினி.
போனில் சொன்னவர் பெயருக்கு
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மேலே போகப் போக அதே வரி.
மே மாதம் இரண்டு. நோன்புப் பெருநாளுக்கு முன் ஒன்று.
உதிரி வரவில்லை. குலை வரத்து அதிகம்.
குலை வரத்து அதிகம்.
மொத்தம் பதினான்கு.
கடைசித் தடவை நான் காரணத்தைத் தட்டக்கூட இல்லை.
மேல் அம்பை அழுத்தினேன்,
பழைய வரி தானாக வந்து நின்றது.
என்டர்.

டெயில் என்று அடித்து, நாற்பது என்று அடித்தேன்.
யானை நுழைந்த வாசலில்
வால் சிக்கியதாக ஒரு பேச்சு உண்டு.
எங்கள் ஆலையில்
வாலை மட்டும் காட்டச் சொல்கிறார்கள்.

வெளியே லாரிகள் வரிசை கட்டிவிட்டன.
கொதிகலன் ஆறியதால் வாடை குறைவு.
ஆபீஸ் கூரையில் மழை, நிற்கிற மாதிரி நின்று
மறுபடி பிடித்தது.

எண்ணை அழித்தேன்.
டெயிலையும் அழித்தேன்.
முழுக் கோப்பின் பெயரைக் கொடுத்து
பிரிண்டருக்கு அனுப்பினேன்.

பழைய ஊசி பிரிண்டர் அது.
தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம்.
ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம்
மேசையிலிருந்து இறங்கி,
நாற்காலிக் காலைச் சுற்றி,
கதவுவரை போனது.
தனபாலன் சார் கதவில் நின்றார்.
காகிதத்தை மிதிக்காமல் நின்றார், அதுவரைக்கும் நல்லது.
ஒன்றும் பேசவில்லை.
நானும் திரும்பவில்லை.

ஒன்பதாம் பக்கத்திலிருந்து ரிப்பன் மங்கிவிட்டது.
என் பெயர் வருகிற இடமெல்லாம்
ஈரச் சுவரில் எழுதியதுபோல்
இருந்தும் இல்லாமலும்.

நிறுத்தினேன்.
அலமாரியைத் திறந்து புது ரிப்பன் மாட்டி
ஒன்பதிலிருந்து மறுபடி கொடுத்தேன்.
விரலெல்லாம் மை.