பதினோராவது பூட்டு

இன்றிரவு பன்னிரண்டுக்கு
இலவசம் முடிகிறது.
முப்பது நாள் ருசி காட்டிவிட்டு
இப்போது கை நீட்டுகிறது சாவிக்கொத்து:
வருடத்துக்கு முப்பத்தாறு டாலர்.

முப்பத்தாறை நாற்பதால் பெருக்கி
மின்கட்டண உறையின் முதுகில் எழுதுகிறேன்.
ஆயிரத்து நானூற்று நாற்பது பெசோ.
ஆறு கிலோ மாத்தே இலை.
அல்லது இடது காலணிக்குப் புது அடி, வலதுக்கும்,
மீதியில் மழைக்கோட்டுக்கு ஒரு பொத்தான்.
மொந்தெவிதேயோவின் ஆகஸ்ட் காற்றுக்கு
பொத்தான் இல்லாதவளை நன்றாகத் தெரியும்.

கட்டாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.
ஒரே கருவியில் மட்டும் திறக்கும், அவ்வளவுதான்.
ஃபோனா, கால்நடை மருத்துவமனைக் கணினியா,
எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறது
விவாகரத்து வக்கீல் மாதிரி.

டாக்டர் இரிபாரனிடம் கேட்டேன்.
பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டே சொன்னார்:
"என் பாஸ்வேர்டு எல்லாமே பெனாரோல்தான், க்ரிசெல்டா.
இத்தனை வருஷத்தில் யாரும் எதுவும் திருடவில்லை,
கோப்பைகளைத் தவிர."
அவருடைய வங்கிக் கணக்கையும் பார்ப்பவள் நான்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வாரம் அது ஓர் அறிக்கை தந்தது,
ரத்தப் பரிசோதனைத் தாள் போல, சிவப்பில்:
ஒரே கடவுச்சொல். பதினோரு இடங்கள்.
ஒன்பது வயது. பலவீனம். மாற்றவும்.

பத்தை மாற்றினேன்.
அதுவே கோத்துத் தந்தது, இருபது இருபது எழுத்தாக,
விசைப்பலகைமேல் பூனை நடந்தது போல.
ஒன்றுகூட எனக்கு மனப்பாடமில்லை.
என் வீட்டுக்குள் போக நானே
அதனிடம் கேட்டு நிற்க வேண்டும்.
இதற்கா காசு என்கிறது ஒரு மனம்.
இதற்குத்தான் காசு என்கிறது இன்னொன்று.

பதினோராவது, நாடகம் பார்க்கும் கணக்கு.
அதன் கடவுச்சொல் என் தங்கைக்கும் தெரியும்.
பைசாந்துவில் இருக்கிறாள் மிர்த்தா.
அம்மா வீட்டை விற்றுப்
பங்கு பிரித்த நாளிலிருந்து,
மூன்று வருடம், முகாலோபனம் இல்லை.
ஆனால் கணக்கின் கீழே
"தொடர்ந்து பார்க்க" என்றொரு வரிசை இருக்கிறது.
துருக்கி நாடகம். நாற்பத்தோராம் பகுதி.
பாதியில் நிற்கும் ஒரு சிவப்புக் கோடு.

நான் துருக்கி நாடகம் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கோடு நகராவிட்டால்
புதன்கிழமை எனக்கு ரொட்டி இறங்காது.
ஜூனில் ஐந்து நாள் அசையவே இல்லை.
பைசாந்து மருத்துவமனை எண்ணைத் தேடி எடுத்து
அழுத்தாமல் கையிலேயே வைத்திருந்தேன்.
ஆறாம் நாள்
கதாநாயகி விஷம் குடித்துப் பிழைத்தாள்.
நானும்.

கட்டினால் இன்னொரு வசதி உண்டாம்:
நம்பகமான ஒருவர் பெயரைக் கொடுக்கலாம்.
ஏழு நாள் நான் பதில் சொல்லாவிட்டால்
பெட்டி அவருக்குத் திறந்துவிடும்.
ஏழு நாள்!
மூன்று வருடம் பதில் சொல்லாதவர்களுக்கு
என்ன ஏற்பாடு என்று
பொடி எழுத்திலும் தேடிப் பார்த்தேன். இல்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கட்டினேன்.
யாராவது கேட்டால் பாதுகாப்புக்கு என்பேன்.
பெயர்க் கட்டத்தில் மேல்மாடி ஒஸ்வால்தோ என்று அடித்தேன்.
என் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் தருகிறவன்.
அழித்தேன்.
மிர்த்தாவின் பழைய மின்னஞ்சலைப் போட்டேன்.
பதினோராவதைத் தொடவில்லை.
அறிக்கை இப்போதும் சொல்கிறது:
ஒரு பலவீனம் மீதமுள்ளது.
தெரியும், போ.

இன்று வெள்ளிக்கிழமை.
"ஏற்பு நிலுவையில்" என்றே நிற்கிறது அவள் பெயர்.
துருக்கி நாடகம் நாற்பத்து நான்கு.
மழைக்கோட்டை ஊக்கால் குத்திக்கொண்டு
வேலைக்குப் போகிறேன்.