துளி நின்ற இடம்

குகைக்குள் ஈரம் இல்லை.
அதுதான் முதல் செய்தி.

லேனா ஆற்றங்கரையிலிருந்து மூன்று மணிநேரம் ஏறி,
லார்ச் மரங்கள் முடிகிற இடத்தில்
குனிந்து நுழையும் வாயில்.
கூரையெங்கும் உறைபனிச் செதில்கள்,
தலை பட்டால் சாம்பலைப் போல் உதிர்கின்றன.
ஆகஸ்ட் மாதம்.
என் மூச்சு எனக்கு முன்னே நடக்கிறது.

சொட்டுவதற்கு இங்கே எதுவுமில்லை.
தலைக்கு மேலே மண், மண்ணுக்குள் நீர்,
இரண்டும் இறுகி ஒரே பாறையாகி எவ்வளவோ காலம்.
ஆனாலும் தரையில் நிற்கிறது
முழங்கால் உயரத்தில், தேன் நிறத்தில் ஒரு கல்.
சொட்டாமல் இது வளராது.

எறும்பு ஊரக் கல் தேயும் என்றுதான் பள்ளியில் படித்தோம்.
இது துளி விழ விழ எழுந்த கல்.

"இதுக்கா இவ்வளவு கயிறு?" என்றான் கெஸ்கில்.
படகோட்டி; டீசல் கணக்கில் எப்போதும்
இரண்டு லிட்டர் கூட்டிச் சொல்பவன்.
இறக்கும்போது மட்டும்
தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கல்லுக்குப் போர்த்தினான்.

அக்டோபரில், இர்குட்ஸ்கில்,
வைர ரம்பம் அதை நெடுக அறுத்தது.
கவிழ்த்த குவளை மேல் கவிழ்த்த குவளையாக அடுக்குகள்.
பல் வைத்தியரின் துரப்பணத்தால்
அடுக்குக்கு ஒரு சிட்டிகை மாவு எடுத்தேன்.
நீரோடு யுரேனியம் வரும், தோரியம் வராது.
கல்லுக்குள் தோரியம் இருந்தால்
அது உள்ளேயே பிறந்தது.
வட்டிக்கடைக்காரனின் கணக்குதான்:
முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு,
அப்படியானால் கடன் வாங்கிய தேதி எது?

உச்சி அடுக்கு: நான்கு லட்சம் ஆண்டு.
கீழே இருப்பது ஐந்து லட்சத்தை ஒட்டி.
நடுவில் பென்சிலால் இழுத்ததுபோல் ஓர் அழுக்குக் கோடு.
எண்பதாயிரம் ஆண்டுகள் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன.

குளிரைப் பற்றிக் கல் எதுவும் சொல்லவில்லை.
குளிர் வந்த நாட்களில் அது வேலைக்கே வரவில்லை.
வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கங்கள் காலி.
காலியைத்தான் நாங்கள் அச்சில் ஏற்றினோம்,
வரைபடங்களோடு, பிழை வரம்போடு.

மறு கோடையில் கெஸ்கில் வீட்டு மேசையில்
கல்லின் படத்தை விரித்தேன்.
அவன் மனைவி சய்யீனா மாவுக் கையைத் துடைத்துவிட்டு
கோட்டைத் தொட்டாள், உச்சியைத் தொட்டாள்,
பிறகு உச்சிக்கு மேலே வெறும் காகிதத்தில் விரலை வைத்து
"அப்போ நாங்க?" என்றாள்.

ஆமாம், அங்கேதான்.
மாமத யானைகள், முதலில் தீ மூட்டியவர்கள்,
தெற்கிலிருந்து குதிரைகளோடு வந்த அவள் முன்னோர்,
ராணுவத்துக்குப் போய்த் திரும்பாத அவள் தம்பி,
எல்லோரும் அந்த வெள்ளைக் காகிதத்தில்.
துளி நின்ற பிறகு நடந்ததுதான் எல்லாமே.

அவள் எதுவும் சொல்லவில்லை.
முற்றத்துக்கு அழைத்துப்போய்த் தரைக்கதவைத் தூக்கினாள்.
ஏணியில் இறங்கினோம்.
மீனும் குதிரை இறைச்சியும் ஆற்றிலிருந்து அறுத்த குடிநீர்ப் பனிக்கட்டியும்
கோடை முழுக்கக் கெடாமல் கிடக்கும் புலூஸ்,
மண்ணே குளிர்பெட்டியான அறை.
மூலையில் ஓர் அலுமினியச் சட்டி.
டக்.
நான் எண்ணத் தொடங்கினேன். பழக்கம்.
பதினான்கு விநாடி. டக்.

"இங்கே கல் முளைக்க எத்தனை நாளாகும்?"
இங்கே சுண்ணாம்புப் பாறை இல்லை, முளைக்காது என்றேன்.
"நல்லது," என்றாள், "மீன் வைக்க இடம் வேணும்."

மறுநாள் குகைக்கு ஏறினேன்.
போன வருடம் கல் இருந்த தழும்பின் மேல்
நான் விட்டுப்போன கண்ணாடித் தகடு:
உலர்ந்து, மேலே மெல்லிய உறைபனி.
கைக்குட்டையால் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.
வெளியே வருமுன் விளக்கை அணைத்து
எவ்வளவு நேரம் காது கொடுத்தேன் என்பதை
களக்குறிப்பில் எழுதவில்லை.

இரவு சய்யீனா தேநீர் கொடுத்தாள்.
லேசாக மீன் வாசம்.
எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை.