நான்காம் சீசன், ஏழாம் எபிசோடு, பின்னணியில் இருவர்

ஜூலை மாதம். நோவா ஸ்கோஷியாவின் ஒரு கடலோரச் சிற்றூர்.
வெயில் மண்டையைப் பிளக்கிறது,
கடைவீதியில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
காகிதப் பனி, மூட்டை மூட்டையாய்.
பேக்கரிக்கு வேறு பலகை,
தேவாலயத்துக்கு வேறு புனிதர்,
ஊருக்கே நான்கு வருடமாக வேறு பெயர்.
தபால்காரர் மட்டும் குழம்பவில்லை.

என் வேலை ஒலிப்பதிவு.
நீளக் கழியின் நுனியில் ரோமம் போர்த்திய மைக்.
தொடரின் அம்மாவும் மகளும் பேசுவார்கள்,
பேசுவார்கள், பேசுவார்கள்,
மூச்சுவிட வேண்டிய இடத்திலும் ஒரு ஜோக்.
நாலாவது சீசனில் மகளுக்குக் கல்லூரி.
அம்மாவுக்கு வாத்துப் பண்ணைக்காரர் ஒருவர்மேல் காதல்.
எழுதுகிறவர்களுக்கே அலுத்துவிட்டது.

பின்னால் நடந்துபோக ஊர்க்காரர்கள்,
நாளுக்கு நூற்றிருபது டாலர், மதியச் சாப்பாடு.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருந்தாள் வெர்னா ஸ்விக்கர்.
கூடவே மகள் காரின்.
கம்பளிக் கோட்டு, கையுறை, கழுத்தில் ஓடும் வேர்வை.
உதவி இயக்குநர் சொன்னான்:
"வாய மட்டும் அசைங்க, சத்தம் வரக்கூடாது.
அம்மாவும் பொண்ணும் ஏதோ பேசிக்கிற மாதிரி."
காரின் சிரித்துவிட்டாள்.
"எங்களுக்கு ஒத்திகையே வேண்டாம்."

சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் காதில் விழுந்தது:
காரினுக்குக் கல்கரியில் வெல்டர் வேலை.
ஒருவழி டிக்கெட்.
ஏழு வாரமாக அந்த வீட்டில்
'உப்பை இப்படித் தள்ளு', 'கதவைச் சாத்து',
அவ்வளவுதான் உரையாடல்.

முதல் டேக்கில் வெர்னா வாயே திறக்கவில்லை.
மூன்றாவதில் உதடுகள் மரியாதையாய் அசைந்தன.
ஐந்தாவதில் நாயகி வசனம் மறந்தாள்.
எட்டாவதில் வெர்னாவின் விரல் எழும்பியது,
காரினுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது,
கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துக்
காகிதப் பனியில் விழுந்தது. சத்தமே இல்லை.
அப்படி ஒரு சண்டையை நான் பதிவு செய்ததே கிடையாது.
அன்றும் செய்யவில்லை.
"பிரமாதம்," என்றார் இயக்குநர்,
"பின்னாடி இருக்கிறவங்க கொஞ்சம் குறைச்சுக்கங்க."

பதினோராவது டேக்.
முன்னால் நாயகி வாத்து ஜோக்கின் விளிம்பில்.
அவள் நிறுத்தியதற்கும் மகள் பதில் சொல்வதற்கும் நடுவே
அரை விநாடி.
ஹெட்ஃபோனில், இடது காதில்,
இரவெல்லாம் தூங்காத ஒரு தொண்டை:

"போ. சாவியத் திருப்பிக் குடுத்துடாதே."

"கட். சவுண்ட் எப்படி?"

பதினெட்டு வருட உத்தியோகம்.
விமானம் போனால் சொல்லியிருக்கிறேன்.
எங்கோ ஃபிரிட்ஜ் முனகினால் சொல்லியிருக்கிறேன்.
மூத்த நடிகர் ஒருவரின் வயிறு இரைந்ததைக்கூடக்
காட்டிக்கொடுத்திருக்கிறேன்.
"சுத்தமா இருக்கு," என்றேன்.

பிப்ரவரியில் ஒளிபரப்பு.
அடுத்த சீசனுக்கு இடம் பார்க்க வந்து
ஊரில் மாட்டிக்கொண்டேன்.
வெளியே நிஜப் பனி, கூலி கேட்காமல் கொட்டியது.
கர்லிங் கிளப்பில் பெரிய திரை.
"அதோ என் லாரி!" "அதோ நம்ம நாய்!"
கதை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

பதினான்காவது நிமிடம்.
மங்கலாய் இரண்டு கோட்டுகள். மூன்று விநாடி.
அந்த அரை விநாடியை
எடிட்டர் கிதாரால் அடைத்திருந்தான்.
வெர்னா பியரைக் கீழே வைக்கவில்லை.
"குண்டாத் தெரியறேன்," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

விளம்பர இடைவேளையில் அவள் போன் அதிர்ந்தது.
"ம்."
"ம். வந்துச்சு."
"உனக்கு இன்னும் மூணு மணி நேரம் ஆகும், பார்."
"மைனஸ் எத்தனை அங்க?"
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"பின்கதவு உறைஞ்சுபோச்சு. முன்பக்கப் பூட்டு
பழசுதான், அதே..."

திரையில் வாத்து மறுபடி வந்தது.
ஊரே சிரித்ததில்
மீதி எனக்குக் கேட்கவில்லை.